சரஸ்வதி வசம் இருந்த லைசென்ஸ்

புனா ராஸ்தா பேட்டையில் தர்மாம்பாள் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'பாங்டிவாலி பாயி வீடு' என்று கேட்டுப் பாருங்கள், டாங்காக்காரனின் குதிரைகூடத் தானாக நடந்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். பாங்டி என்றால் வளையல், பாயி என்றால் அம்மணி. கத்திரிக்காய் நிறத்தில் ஒரு பழைய மாரிஸ் கார் வரும். அது வலது பக்கம் திரும்பப் போகிறது என்றால் ஜன்னல் வழியாக ஒரு கை நீளும். அந்தக் கையில் ஒரு கொத்துக் கண்ணாடி வளையல் கலகலக்கும். ஹாரனுக்கு எப்போதும் தொண்டை கட்டியிருந்ததால் வளையல்தான் ஹாரன்.

தர்மாம்பாள் குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிய வேண்டுமே என்று, சாப்பிட உட்காரும் மணையை சீட்டில் போட்டு, அதன்மேல் தலையணை போட்டு உட்காருவாள். மடிசார் கட்டிய மாமி ஒருத்தி மணையில் உட்கார்ந்துகொண்டே லக்ஷ்மி ரோடில் போகிறாள் என்றால், ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் சைக்கிள்காரர்கள் என்ன செய்வார்கள்? காலை ஊன்றி நின்று பார்ப்பார்கள். புனாவில் அப்போது மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம் என்று தோன்றும். அத்தனையும் நின்றால் ரோடு அவளுக்குத்தான்.

கார் அவளுக்காக வாங்கியதே இல்லை. அவள் வீட்டுக்காரர் பட்டாபிராமன் ராணுவக் கணக்கு ஆபீஸில் குமாஸ்தா. பெங்களூருக்குப் போய்விட்ட மேலதிகாரி ஒருவர் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. ஓட்டக் கற்றுக்கொடுக்க, கிர்க்கி டிப்போவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த வாணியம்பாடி அப்துல் காதர் வந்தார். ரேஸ் கோர்ஸ் பக்கத்து மைதானத்தில் பாடம். தர்மாம்பாள் பின் சீட்டில், காப்பி ஃப்ளாஸ்க்கோடு.

ஒரு நாள் பட்டாபிராமன் வண்டியை நிறுத்திவிட்டதாக நினைத்துக் கீழே இறங்கினார். வண்டி அப்படி நினைக்கவில்லை. அவர் ஓட, வண்டி துரத்த, பின் சீட்டிலிருந்து தர்மாம்பாள், "ஏன்னா, ஓரமா ஓடுங்கோ, ஓரமா!" என்று கத்த, மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கடைசியில் அவள்தான் முன்னால் எக்கி, கைபிரேக்கை இழுத்து நிறுத்தினாள்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்துல் காதர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "சார், நீங்க கணக்குல புலி. நான் இல்லேங்கல. ஆனா இந்த வண்டிக்கு உங்களப் புடிக்கல. அம்மா புடிச்ச பிரேக்க பாத்தீங்களா? அவங்கள உக்கார வைங்க."

அப்படித்தான் அவள் முன் சீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாசம் லைசென்ஸும் வந்தது. அதில் அவள் போட்டோ ஒட்டியிருந்தது. கல்யாணமாகி புனாவுக்கு வந்து பத்து வருஷத்தில், அவள் முகம் ஒட்டிய காகிதம் வேறு ஒன்றும் கிடையாது. ரேஷன் கார்டில் அவள் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். அந்தப் பத்து வருஷமும் காய்கறிச் சந்தை, வீடு, மறுபடி சந்தை. இப்போது பார்வதி மலை அடிவாரம், கடக்வாஸ்லா அணை என்று பேட்டை மாமிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். போகிற வழியில் வண்டி நின்றுவிட்டால் மாமிகள் இறங்கித் தள்ளுவார்கள். திரும்பி வந்து அதைத்தான் ஒரு வாரம் பேசுவார்கள், அணையைப் பற்றி ஒருத்தியும் பேசமாட்டாள்.

லைசென்ஸை அவள் அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள் என்பது பட்டாபிராமனுக்குத் தெரியும். தெரிந்தது மாதிரி காட்டிக்கொள்ளமாட்டார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் நவராத்திரியில் வந்தது வினை.

வண்டியின் இன்ஷூரன்ஸ் அந்த வருஷம் சரியாகச் சரஸ்வதி பூஜையன்று முடிந்தது. ஏஜண்ட் கிருஷ்ணஸ்வாமி அதே பேட்டைதான், இரண்டு சந்து தள்ளி. அவர் ஒன்றும் சோம்பேறி இல்லை. மகாளய பட்சத்திலேயே வந்தார். "பித்ரு காரியம் நடக்கற நாள்ல புதுசா ஒண்ணுலயும் கையெழுத்துப் போடப்படாது" என்று பட்டாபிராமன் அனுப்பிவிட்டார். நவராத்திரியில் வந்தார். கொலுவுக்கு வந்த கூட்டத்தில் அவர் கையில் யாரோ சுண்டலைக் கொடுத்தார்கள், அதைத் தின்றுவிட்டு வந்த காரியத்தை மறந்து போய்விட்டார். மூன்றாவது தடவை வந்தது சரஸ்வதி பூஜையன்று.

"மாமா, இன்னி ராத்திரி பன்னண்டு மணியோட உங்க பாலிசி வெறும் காகிதம். ஒரு கையெழுத்து போடுங்கோ."

பட்டாபிராமன் கூடத்து மூலையைக் காட்டினார். அங்கே பலகையில் வீட்டிலிருக்கிற அத்தனை புஸ்தகமும், பஞ்சாங்கமும், வண்டிப் பேப்பர்களும் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, மேலே சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. அந்த அடுக்கின் உச்சியில் தர்மாம்பாள் தன் கையாலேயே லைசென்ஸை வைத்து அதற்குத் தனியாக ஒரு செம்பருத்தி சார்த்தியிருந்தாள். பக்கத்தில் பட்டாபிராமனின் பேனா.

"பேனா பூஜையில இருக்கு, கிச்சு. இன்னிக்கு ஒரு எழுத்து எழுதப்படாது, ஒரு எழுத்து படிக்கப்படாது."

வேறு ஊர், வேறு ஏஜண்டாக இருந்தால், 'என் பேனாவால் போடுங்கள் சார்' என்று நீட்டியிருப்பான். கிருஷ்ணஸ்வாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வாஸ்தவம், வாஸ்தவம். எங்காத்துலயும், இன்ஷூரன்ஸ் சீட்டு எழுதற கவர் நோட் புஸ்தகமே பூஜையிலதான் இருக்கு. ஆத்துக்காரி எடுக்க விடமாட்டேன்னுட்டா. நாளைக்குப் புனர்பூஜை ஆனதும் முதல் கையெழுத்து உங்களோடது. பத்து மணிக்கு வந்துடறேன்."

தர்மாம்பாள் உட்பட மூன்று பேருக்கும் பரம திருப்தி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாலிசி செத்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் விஜயதசமி, மராட்டியர்களுக்குத் தசரா. பட்டாபிராமன் பஞ்சாங்கத்தை முன்கூட்டியே பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்தார். புனர்பூஜைக்குப் பத்து மணி உசத்தி. வண்டியைப் பார்வதி மலைக் கோவிலுக்கு எடுத்துப் போக எட்டு மணி உசத்தி. ஆகவே வண்டி முதலில், பேப்பர் பிறகு.

மாரிஸுக்குச் சாமந்தி மாலை போட்டாகிவிட்டது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வண்டிக்கு நெற்றி எது என்று பட்டாபிராமன் கொஞ்சம் யோசித்தார். பிறகு முன் கண்ணாடியில், சரியாக ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே, தோசை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். காலை வெயிலில் அது காய்ந்து சுவர் மாதிரி ஆனது.

"ஏன்னா, எனக்குத் தெருவே தெரியலையே."

"அதைத் துடைக்கப்படாது. கொஞ்சம் இப்படி அப்படித் தலையைச் சாய்ச்சுப் பாரு."

சாவியைக் கையில் எடுத்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். "கிச்சு பத்து மணிக்குத்தானே வரார்? இன்ஷூரன்ஸ் நேத்தோட முடிஞ்சுடுத்தே."

"அதான் யோசிக்கறேன்" என்றார் பட்டாபிராமன். நிஜமாகவே யோசித்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. மாலை போட்ட வண்டி, வாசலில் வேடிக்கை பார்க்கிற தெரு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். "பார்வதி வரைக்கும் போயிட்டு வரதுக்குள்ள என்ன ஆயிடப் போறது? ஏறுங்கோ" என்றாள். ஏறினார். பழங்கள் நசுங்கின. தெரு கைதட்டியது.

ஸ்வார்கேட் கிட்டே, பாண்டுரங் வாக்மாரே என்கிற மனிதர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கல்யாண பாண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிக்கிறவர். முதுகில் அந்த டிரம், அதைச் சுற்றிச் சாமந்தி மாலை. அவரும் அன்று தம் தொழிலுக்குப் பூஜை போட்டவர்தான். தர்மாம்பாள் தலையை இடது பக்கம் சாய்த்தபோது அவர் சந்தனத்துக்கு வலது பக்கம் இருந்தார். அவள் வலது பக்கம் சாய்த்தபோது அவர் இடது பக்கம் போனார். குங்குமத்துக்குப் பின்னாலிருந்து அவர் வெளிப்பட்டபோது பிரேக்குக்கு நேரமில்லை. மெல்ல ஒரு இடி. சைக்கிளின் பின்சக்கரம் எட்டாக மடிந்தது. பாண்டுரங் வலது கையை ஊன்றி விழுந்தார். வார் அறுந்த டிரம், மாலையோடு, 'தும், தும்' என்று தானே தாளம் போட்டுக்கொண்டு இறக்கத்தில் உருண்டது. எதிரே வந்த பெரியவர் ஒருவர், ஏதோ ஊர்வலம் போலிருக்கிறது என்று அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

தர்மாம்பாள் இறங்கி ஓடினாள். "லாக்லா கா? அடி பட்டுதா?" என்று மராட்டியும் தமிழும் கலந்து கேட்டாள்.

பாண்டுரங் எழுந்து உட்கார்ந்தார். வலது மணிக்கட்டு அதற்குள் பூரி மாதிரி உப்பத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார். "பாயி, அந்தப் பொட்டு உங்க நெத்திக்கா, வண்டிக்கா?" என்றார்.

நாலு ரோடு கூடுகிற சவுக்கத்தில் நின்றிருந்த கான்ஸ்டபிள் ஷிந்தே வந்தார். அவர் லத்தியிலும் மஞ்சள் குங்குமம்.

"லைசென்ஸ்?"

"சரஸ்வதிகிட்ட இருக்கு."

"இன்ஷூரன்ஸ்?"

"அதுவும் சரஸ்வதிகிட்டதான்."

ஷிந்தே நோட்டுப் புஸ்தகத்தைத் திறந்தார். "அந்த சரஸ்வதிபாயி வீடு எங்கே?"

பட்டாபிராமன் விளக்குவதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. ஷிந்தே சிரிக்கவில்லை. வண்டியை அங்கேயே ஓரம் கட்டச் சொன்னார். ஒரு டாங்காவில் பாண்டுரங்கை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்னொரு டாங்காவில் இவர்களோடு ஏறி சரஸ்வதியைப் பார்க்க வந்தார்.

வீட்டில் செருப்பைக் கழற்றி, தொப்பியைக் கையில் எடுத்து, முதலில் ஒரு நமஸ்காரம் செய்தார். "பூஜையை முடிங்க. நான் இருக்கேன்." பட்டாபிராமனுக்கு மந்திரம் வந்தது, மூச்சு வரவில்லை. பத்து மணிக்குப் பட்டுத்துணி விலகியது. லைசென்ஸ் சரி. இன்ஷூரன்ஸை ஷிந்தே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நேத்து ராத்திரியே போச்சே."

"ஆமாம்" என்றாள் தர்மாம்பாள்.

"பாயி, சட்டம் சொல்றேன், கேளுங்க. இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினவங்களுக்கு மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஐந்நூறு ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லே ரெண்டும். ஓட்ட விட்ட வண்டிச் சொந்தக்காரருக்கும் அதேதான். கோர்ட்டு நெனச்சா லைசென்ஸையும் வாங்கி வெச்சுக்கும்."

ஜெயில் என்றபோது பட்டாபிராமன் உட்கார்ந்துவிட்டார். தர்மாம்பாள் நின்றுகொண்டேதான் இருந்தாள். லைசென்ஸ் என்றபோதுதான் அவள் கை சுவரைத் தேடியது.

ஷிந்தே சட்டைப் பையைத் தடவினார். பென்சில் முனை உடைந்திருந்தது. சுற்றிலும் பார்த்தார். பூஜைப் பலகையில், குங்குமப் பொட்டோடு, பளபளவென்று பட்டாபிராமனின் பேனா இருந்தது. "கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

விஜயதசமியன்று முதலில் எழுதுவது வருஷம் முழுக்க விருத்தியாகும் என்று, குழந்தைகளுக்கே அன்றுதான் அரிச்சுவடி ஆரம்பிப்பார்கள். அந்தப் பேனாவால் அன்று எழுதிய முதல் எழுத்து: பட்டாபிராமன், தர்மாம்பாள் இருவர் மேலும் கேஸ்.

ஷிந்தே வாசலைத் தாண்டவும் கிருஷ்ணஸ்வாமி கவர் நோட் புஸ்தகத்தோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. கதையைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிவிட்டது. வாசல் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாமி, தப்பு என்மேலயும்தான். ஒண்ணு பண்றேன். நேத்து தேதி போட்டு எழுதித் தரேன். நேத்தே போட்டுட்டோம், சீட்டு எங்காத்துல தங்கிடுத்துன்னு கோர்ட்டுல சொல்லிக்கலாம். புஸ்தகத்துல நேத்து ஒரு பக்கமும் எழுதலை. யாருக்குத் தெரியப் போறது? கேஸும் இருக்காது, லைசென்ஸும் போகாது."

பட்டாபிராமன் தலை நிமிர்ந்தது. அவருக்கு வேலையும் போய்விடுமோ என்று கிலி. மனைவியைப் பார்த்தார்.

தர்மாம்பாள் லைசென்ஸைக் கையில் வைத்திருந்தாள். போட்டோவில் அவள் மூக்கின்மேல் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. அதைச் சுண்டுவிரலால் துடைத்தாள். ஒரு 'சரி' சொன்னால் போதும். கத்திரிக்காய் வண்டி, கடக்வாஸ்லா, தள்ளுகிற மாமிகள், எல்லாம் அவளுக்கு மிஞ்சும்.

"கிச்சு" என்றாள். "நேத்து சாமிக்காகச் சத்தியத்தையே எழுதமாட்டேன்னு உக்காந்திருந்த பேனா இது. அதாலே இன்னிக்கு நேத்துன்னு பொய் எழுதச் சொல்றேளா? அப்போ நேத்து நாம பண்ணினது பூஜையா, சோம்பேறித்தனமா?"

கிருஷ்ணஸ்வாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னித் தேதி போடுங்கோ. மணியும் போடுங்கோ. பத்தே முக்கால்."

பட்டாபிராமன் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். அன்றுதான் முதல் தடவையாக, பஞ்சாங்கத்தைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார்.

அன்று மத்தியானமே, ஸ்வார்கேட்டில் நின்ற வண்டியை எடுத்து, கண்ணாடியைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, தர்மாம்பாள் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். பாண்டுரங் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எலும்பில் கீறல், துளசி கல்யாணம் வரை டிரம் அடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துளசி கல்யாணம் ஆனதும்தான் மராட்டியர் வீடுகளில் முகூர்த்தம் தொடங்கும், பாண்டுக்குப் பெரிய வேலை வரும், அதுவரை பிழைப்பு சின்னச் சின்ன ஊர்வலங்களில்தான். அவர் இடது கையால் தொடையில் ஏதோ தாளம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளம் பிசகியது. மறுபடி போட்டார். அவள் கதவோரமாகவே கொஞ்ச நேரம் நின்றாள். அந்த இன்ஷூரன்ஸ் காகிதம் மாரிஸுக்காக என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மாரிஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"வாங்கோ, வீட்டுல விடறேன்" என்றாள்.

பாண்டுரங் எழுந்திருக்கவில்லை. "காகத் தாக்வா" என்றார். பேப்பரைக் காட்டுங்கள்.

காட்டினாள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. முத்திரையைப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பிறகு வெளியே வந்து, கண்ணாடியில் பொட்டு இருக்கிறதா என்று வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். அப்புறம்தான் ஏறினார்.

அதற்குப் பிறகு டிரம்முக்குப் புதுத் தோல், சைக்கிளுக்குப் புதுச் சக்கரம், கட்டு மாற்றுகிற நாளெல்லாம் ஆஸ்பத்திரிக்கு மாரிஸ். அவர் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு வீட்டுச் செலவும் இவர்களுடையதுதான். பாலிசி இருந்திருந்தால் கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் பாண்டுரங் முதலில் பேப்பர் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவள் முறைத்துக்கொண்டே காட்டுவாள். போகிற வழியில் மைதானத்துக் கதையையும் அவளே சொல்லி வைத்தாள். அவர் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு குலுங்கியது.

தீபாவளி கழிந்து கேஸ் வந்தது. கோர்ட்டில் ராஸ்தா பேட்டை பாதி இருந்தது. மாமிகள் முறுக்கு கொண்டுவந்திருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் மூக்கு நுனிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "முதல் நாளே ஏன் புதுப்பிக்கவில்லை?"

"பேனா பூஜையில இருந்தது" என்றாள் தர்மாம்பாள், மராட்டியில்.

சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். "பாயி, எழுதாததற்கு அது காரணம். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் சரஸ்வதி உண்டு. ஆனால் ஓட்டினீர்களே, அதற்கு என்ன காரணம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பட்டாபிராமன் குதித்தார். "ஸாஹேப், பொட்டு வெச்சது நான்! வண்டி என் பேரில இருக்கு. அவளை விட்டுடுங்கோ!"

"உங்கள் முறை வரும். உட்காருங்கள்."

"அதுக்குக் காரணம் கிடையாது" என்றாள் தர்மாம்பாள். "பாலிசி முடிஞ்சது தெரியும். மாலை போட்ட வண்டியை ஓட்டணும்னு ஆசை. ஏறுங்கோன்னு சொன்னது நான்."

மாஜிஸ்திரேட் எதையோ எழுதினார். இருவருக்கும் அபராதம். ஜெயில் இல்லை. அவள் மூச்சு விடவில்லை, இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அவர் லைசென்ஸைக் கையில் எடுத்து, போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாம் என்று பார்க்கிறேன்."

மாமிகளின் முறுக்கு நின்றது.

சாட்சிக்கு வந்திருந்த பாண்டுரங் எழுந்தார். மாவுக்கட்டு பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "ஸாஹேப், ஒரு வார்த்தை. அடி பட்டது எனக்கு. அன்னியிலேருந்து இந்த பாயிதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவிட்டது. பேப்பர் காட்டாம ஒரு நாள் வண்டியை எடுத்ததில்லை. நான் பாத்தேன்."

"அதனால்?"

"இவங்க லைசென்ஸை நிறுத்தினீங்கன்னா வண்டியை அவர் ஓட்டக் கத்துப்பாரு." பட்டாபிராமனை மோவாயால் காட்டினார். "அந்தக் கதை எனக்குத் தெரியும். ஸாஹேப், எனக்கு இன்னும் ஒரு கை நல்லா இருக்கு."

கோர்ட்டு வெடித்தது. வாசலில் நின்றிருந்த ஷிந்தேகூட முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டாபிராமன் ஒருவர்தான் நியாயம் என்பதுபோல் தலையாட்டினார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். சிவப்பு மையால் லைசென்ஸின் கடைசிப் பக்கத்தில் குற்றத்தை எழுதி, கையெழுத்துப் போட்டார். "இது உங்களோடேயே இருக்கும், இந்த எழுத்தும் இருக்கும். இன்னொரு தடவை வந்தால் எழுத இடம் கிடையாது, எடுத்து வைத்துக்கொள்வேன்."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வளையல் கலகலத்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது பாண்டுரங் வண்டியருகே நின்றிருந்தார். அவள் கேட்காமலேயே பேப்பரை எடுத்து நீட்டினாள். "வேண்டாம், ஏறு பாயி, நேரமாச்சு" என்றார் அவர்.

அடுத்த வருஷம் நவமியன்று லைசென்ஸுக்கு வழக்கம்போல் செம்பருத்தி. சிவப்பு எழுத்துள்ள பக்கத்துக்கும் ஒரு பொட்டு. இன்ஷூரன்ஸ் மட்டும் பூஜைக்கு வரவில்லை. வண்டிக்குள்ளேயே அதற்குக் கற்பூரம் காட்டினாள். கிருஷ்ணஸ்வாமி ஆவணி மாசமே வந்து, சுண்டல் கொடுப்பதற்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடியிருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு பட்டாபிராமன் மாரிஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பின்னால், நம்பர் பலகைக்கு மேலே, பொட்டு மாதிரி ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் புனர்பூஜையை முதலில் முடித்து, லைசென்ஸை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பப் பார்த்தால், வாசலில் 'தும்' என்றது. பாண்டுரங், முதுகில் இல்லை, மார்பில் டிரம்மோடு, பாண்டு ஆட்கள் நாலு பேரோடு.

"என்னய்யா இது?" என்றாள்.

"பார்வதி வரைக்கும் உனக்கு முன்னாலேயே அடிச்சுக்கிட்டு வரேன், பாயி. அப்பதான் நான் எங்கே இருக்கேன்னு உனக்கும் தெரியும், நீ எங்கே இருக்கேன்னு எனக்கும் தெரியும்."

தர்மாம்பாள் மணையைச் சரிசெய்து உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முதல் கியரிலேயே, டிரம்முக்குப் பின்னால், கத்திரிக்காய் மாரிஸ் ஊர்ந்தது. பேட்டை முழுக்கப் பின்னால் வந்தது. ஸ்வார்கேட் சவுக்கத்தில் ஷிந்தே போக்குவரத்தை நிறுத்தி வழி விட்டார். வலது பக்கம் திரும்ப ஜன்னலிலிருந்து கை நீண்டது. டிரம் சத்தத்தில் வளையல் கேட்கவில்லை. ஆனாலும் அத்தனை சைக்கிளும் நின்றன.